போக இரண்டரை மணி, வர அரை மணி

அத்தியாயம் 6

வெளிநாடு போய்விட்டு வந்தவர்களில் இரண்டு வகை உண்டு. கேட்டால் ஊர்க்கதை சொல்பவர்கள் ஒரு வகை. கேட்காமலேயே சொல்பவர்கள் இன்னொரு வகை. லக்ஷ்மிபாய் நகர் அரசாங்கக் குவார்ட்டர்ஸில் மாடி வீட்டில் குடியிருந்த அண்டர் செக்ரட்டரி நல்லசிவம் இந்த இரண்டிலும் சேராதவர். நிறுத்துங்கள் என்று கும்பிட்டாலும் நிறுத்த மாட்டார்.

"லண்டன் என்ன சார் லண்டன்! இப்பம்லாம் எவன் வேணும்னாலும் போறான். ஜெனிவா போவணும். ஊருன்னா அதாம்லா ஊரு!" என்றார், பிரம்பு நாற்காலியில் சாய்ந்து ஒரு காலை ஆட்டிக்கொண்டே.

எதிரே உட்கார்ந்திருந்த துப்பறியும் ஜோதிலிங்கம் ஜெனிவாவைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. காணாமல் போன கைக்கடிகாரத்தைப் பற்றித்தான் கேட்டிருந்தார். வேலூர்க்காரர். மிலிட்டரி போலீசில் இருந்து ரிட்டயராகி, லோதி காலனி மார்க்கெட்டில் ஒரு டிரைகிளீனிங் கடைக்கு மேலே ஆபீஸ் போட்டிருந்தார். பொறுமை அவருக்குக் கொஞ்சம்தான் உண்டு. அதிலும் பாதி, ஆசியாட் விளையாட்டுப் போட்டி வரப்போகிறது என்று ஊரெல்லாம் தோண்டிப் போட்டிருந்த ரோட்டில் ஸ்கூட்டர் ஓட்டி வந்ததில் செலவாகியிருந்தது.

பக்கத்தில் அவருடைய உதவியாளர் செல்வி. டில்லியிலேயே பிறந்து வளர்ந்த பெண். தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். பேசும்போது மட்டும் எதையும் கூட்ட மாட்டாள், குறைக்கவும் மாட்டாள்.

"சார், வாட்ச்..." என்று ஞாபகப்படுத்தினாள் செல்வி.

"அதுக்குத்தாம்மா வாரேன். ஜூன்ல ஆபீஸ்ல லண்டனுக்கு டிரெயினிங் அனுப்பிச்சாங்க. சனி, ஞாயிறு லீவு. சும்மா இருப்பானேன்னு ஒரு எட்டு ஜெனிவா போயிட்டு வந்துட்டேன். வீட்டுக்காரிக்கு அங்கதான் அந்த வாட்சை வாங்கினேன். போவ ரெண்டரை மணி நேரம். வரும்போது அரை மணி. கண்ணை மூடித் திறக்கதுக்குள்ள லண்டன்!"

"அதே பிளேன்தானா சார்?"

"அதே பிளேன்தான். ஆனா காத்து இருக்குல்லா? வரும்போது பின்காத்து. அப்படியே தள்ளிக்கிட்டு வந்துரும். நம்ம ஊரு காத்து மாதிரியா அது?"

"நம்ம ஊர் காத்து கவர்ன்மென்ட் காத்து சார். சீட்டை விட்டு எந்திரிக்காது" என்றாள் செல்வி.

நல்லசிவம் பெரிதாகச் சிரித்தார். தன்னைச் சொல்கிறாள் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. இதே கதையை இந்த பிளாக்கில் இருக்கிற அத்தனை ஆபீசர்களையும் வீட்டுக்குக் கூப்பிட்டு, காபியும் மிக்சரும் கொடுத்து, விஸ்தாரமாகச் சொன்னதாகவும், எல்லோரும் வாயைப் பிளந்துகொண்டு கேட்டதாகவும் சொன்னார். இங்கே அது ஒரு சடங்கு. யார் வெளிநாடு போய் வந்தாலும் மிக்சர் வாங்கி வைத்துக் கதை சொல்ல வேண்டும். மற்றவர்கள் மிக்சர் தீரும்வரை நம்ப வேண்டும்.

"சரி. இப்ப யார் மேல சந்தேகம்?" என்றார் ஜோதிலிங்கம்.

"சந்தேகம் என்ன சார், வேலைக்காரிதான். செங்கம்மாள்னு பேரு. காலையில இருந்து பின்பக்கம் உக்கார வச்சிருக்கேன். சாயங்காலம் ஆறு மணி வரைக்கும் பாப்பேன். ஜெனிவா வாட்ச் வரலேன்னா போலீஸ்ல பிடிச்சுக் குடுத்துருவேன்."

"நேரா போலீசுக்கே போயிருக்கலாமே?"

நல்லசிவத்தின் கால் ஆட்டம் நின்றது. குரலும் இறங்கியது. "ஃபாரின் சாமான் பாருங்க. பில்லு எங்க, டியூட்டி கட்டினியான்னு கேப்பான். வீண் வம்பு. நீங்க மிலிட்டரி ஆளு. ரெண்டு அதட்டு அதட்டினா கக்கிருவா."

அதட்டுவதற்குத்தான் தன்னைக் கூப்பிட்டிருக்கிறார் என்று தெரிந்ததும் ஜோதிலிங்கத்துக்கு எரிச்சல் முட்டிக்கொண்டு வந்தது. எழுந்து பின்பக்கம் போனார்.

சமையலறைக்கு வெளியே, பாத்திரம் தேய்க்கிற இடத்தில், சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள் செங்கம்மாள். நாற்பது வயதிருக்கும். ஜங்புரா சாக்கடையோரத்துக் குடிசைகளில் ஒன்றில் இருப்பவள். விழுப்புரம் பக்கத்துக்காரி. புருஷன் ஸ்டேடியம் கட்டுகிற இடத்தில் சாரம் சரிந்து கால் ஒடிந்து படுத்திருக்கிறான். இவள் சம்பாதித்தால்தான் அடுப்பு எரியும். ஜோதிலிங்கத்தைப் பார்த்ததும் எழுந்து நின்றாள்.

"உக்காரும்மா. நான் அதட்ட வரல."

"நான் எடுக்கலய்யா. அந்த ஜெனிவா வாட்சு எப்டி இருக்கும்னுகூட சரியாத் தெரியாது. அம்மா கையில தூரக்கப் பாத்தது."

"வேற எத்தனை வீட்ல வேலை செய்யற?"

"இதே பிளாக்குல இன்னும் நாலு வூடு. நேத்தே நாலு பேரும் நின்னுடச் சொல்லிட்டாங்க. போலீசுக்குப் போனா அவ்ளோதான்யா. அப்புறம் இந்த டில்லியில எந்த வூட்டு வாசப்படியும் மிதிக்க முடியாது."

அவள் அழவில்லை. அழுது முடித்திருந்தாள். பேச்சை மாற்றுவதற்காக, கவிழ்த்து வைத்திருந்த பாத்திரங்களைக் காட்டி, "இவ்வளவும் தினமும் தேய்க்கணுமா?" என்று கேட்டாள் செல்வி.

"ஆமாம்மா. இப்ப குக்கர் வேற புதுசா வந்திருக்குது. அதை மட்டும் சாம்பல் போடாத, கோடு விழும்னு அம்மா சொல்லிட்டாங்க."

உள்ளே அந்தக் குக்கர் ஒரு விசில் அடித்தது. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே நல்லசிவத்தின் மனைவி அம்சவேணி வெளியே வந்தாள். மெலிந்த உருவம். யாரையும் நிமிர்ந்து பார்க்காத கண்கள்.

"வாட்சைக் கடைசியா எப்பம்மா பாத்தீங்க?" என்றார் ஜோதிலிங்கம்.

"போன வாரம். ஸ்ட்ராப் தொளதொளன்னு இருந்துச்சு. கழட்டி வச்சேன். பொறவு வாட்சைக் காணல."

"யார் எடுத்திருப்பாங்கன்னு நெனைக்கிறீங்க?"

"அவங்கதான் சொல்லுதாங்களே."

"நீங்க என்ன சொல்றீங்க?"

"நான் என்னத்தச் சொல்ல" என்று சொல்லிவிட்டு, அடுப்பைப் பார்க்கப் போகிற மாதிரி உள்ளே போய்விட்டாள்.

ஜோதிலிங்கம் வெளியே வந்து ஸ்கூட்டரை உதைத்தார். பின்னால் ஏறிய செல்வி, "எங்கே சார்?" என்றாள்.

"சரோஜினி நகர் மார்க்கெட். அங்க மருந்துக் கடையில போன் இருக்கு. ஜன்பத்ல ஏர்லைன்ஸ் ஆபீஸ்ல உன் சிநேகிதி ஒருத்தி இருக்காளே, அவகிட்ட ஒரே ஒரு விஷயம் கேளு."

"ஐரோப்பாவுல காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னா?"

"அதேதான்."

மருந்துக் கடைக்காரரின் முறைப்பைப் பொருட்படுத்தாமல் செல்வி போனில் ஐந்து நிமிஷம் ஹிந்தியில் பொரிந்து தள்ளினாள். அதில் நான்கு நிமிஷம் யாருடைய கல்யாணத்தைப் பற்றியோ. வெளியே வந்தபோது ஜோதிலிங்கம் ஒரு சமோசாவைப் பிட்டுக்கொண்டிருந்தார்.

"சார், லண்டனுக்கும் ஜெனிவாவுக்கும் ஆகாய வழியில எழுநூத்தம்பது கிலோமீட்டர் சொச்சம். நம்ம டில்லியிலேருந்து போபாலைத் தாண்டிக் கொஞ்ச தூரம். போகவும் ஒண்ணரை மணி, வரவும் ஒண்ணரை மணி. காத்து அடிச்சா அஞ்சு பத்து நிமிஷம் முன்னே பின்னே ஆகும். அரை மணியில வரணும்னா பிளேனை இல்ல, ராக்கெட்டைப் பிடிக்கணும்னு சிரிக்கிறா."

"ரெண்டரை, அரை. இந்த ரெண்டு கணக்கும் அந்த ஆளுக்கு எங்கேருந்து வந்துச்சுன்னு யோசி" என்றார் ஜோதிலிங்கம். "பொய் சொல்றவன் போக ரெண்டு, வர ரெண்டுன்னு சொல்லியிருப்பான். இவ்வளவு அசட்டுத்தனமா ஒரு பொய்யைச் சொந்தமா யாராலயும் யோசிக்க முடியாது. எதையோ பாத்துதான் சொல்லியிருக்கான்."

"எதை?"

"ஏர்லைன்ஸ்காரன் போடற டைம்டேபிளை. ஜெனிவா கடிகாரம் லண்டன் கடிகாரத்துக்கு ஒரு மணி நேரம் முந்தி. லண்டன்ல பத்து மணிக்குக் கிளம்பினா ஒண்ணரை மணியில அங்க எறங்கிடலாம். ஆனா அப்போ அந்த ஊர் மணி பன்னெண்டரை. டைம்டேபிள்ல அந்தந்த ஊர் மணிதான் போட்டிருப்பான். பத்துலேருந்து பன்னெண்டரை. கழிச்சா ரெண்டரை. திரும்பி வரும்போது அதே ஒண்ணரை, ஒரு மணி கழிஞ்சு அரையாத் தெரியும்."

செல்வி, அவர் பிட்டுக் கொடுத்திருந்த சமோசாத் துண்டை வாயருகே வைத்தபடி நின்றாள்.

"நம்ம ஆளு திருநெல்வேலியில ரயில் ஏறி ஜம்மு வரைக்கும் போனாலும் கடிகாரத்தைத் தொட வேண்டாம். நாடு பூரா ஒரே மணி. அந்தப் பழக்கத்துல கழிச்சுட்டான். பிளேன்ல உக்காந்தவனுக்கு ஒண்ணரை மணி நேரம் இடுப்பு வலிச்சிருக்கும். உக்காராதவன்தான் கழிச்சுப் பாப்பான்."

"அரே! அந்த பிளாக்ல பாதிப் பேர் ஃபைனான்ஸ் மினிஸ்ட்ரி சார். நாட்டோட பட்ஜெட்டையே கூட்டிக் கழிக்கிறவங்க. ஒருத்தர்கூடவா கேக்கல?"

"கேட்டா நாம போனதில்லைன்னு தெரிஞ்சு போயிடுமே. அதுக்குப் பதிலா தலையை ஆட்டிட்டு மிக்சர் தின்னுட்டுப் போயிடலாம். படிச்சவங்களைப் பத்தி உனக்கு இன்னும் தெரியல." ஜோதிலிங்கம் கையைத் துடைத்துக்கொண்டார். "ஆக, அவன் ஜெனிவா போகவே இல்லை. வாட்ச் இங்கதான் எங்கயோ வாங்கினது. என்னிக்காவது ரிப்பேர் கடைக்குப் போனா சாயம் வெளுக்கும்னு பயந்து, அவனே எடுத்து ஒளிச்சுட்டு, பழியைத் தூக்கி அந்தப் பொம்பளை மேல போட்டுட்டான்."

"கேஸ் முடிஞ்சுதா?"

"முடிஞ்ச மாதிரிதான்" என்றார் ஜோதிலிங்கம். இப்படி அவர் சொன்ன கேஸ்கள் அநேகமாக முடிந்ததில்லை என்பது செல்விக்குத் தெரியும். ஆனாலும் வாயை மூடிக்கொண்டு பின்சீட்டில் ஏறினாள்.

அவர்கள் திரும்பி வந்தபோது ஆறு மணிக்குக் கொஞ்சம்தான் பாக்கி இருந்தது. நல்லசிவம் பேண்ட் சட்டை மாட்டிக்கொண்டு, தலை வாரி, போலீஸ் ஸ்டேஷனுக்குக் கிளம்புகிற கோலத்தில் நின்றிருந்தார். செங்கம்மாள் சமையலறைக் கதவோரம் நின்றிருந்தாள்.

"கக்கினாளா சார்?"

"ஒரு சின்ன விஷயம் கேக்கணும்" என்றார் ஜோதிலிங்கம், வெகு மரியாதையாக. "லண்டன்லேருந்து ஜெனிவா போய் எறங்கினீங்களே, எறங்கினதும் உங்க கடிகாரத்தை எவ்வளவு திருப்பி வச்சீங்க?"

"கடிகாரத்தையா? எதுக்குத் திருப்பணும்?"

"இங்கேருந்து லண்டன் போனப்போ திருப்பினீங்களா?"

"பின்ன? அது கடல் கடந்து, அம்புட்டுத் தூரம்..." நல்லசிவம் நிறுத்தினார். ஜோதிலிங்கத்தின் முகத்தைப் பார்த்தார். செல்வியின் முகத்தைப் பார்த்தார். பிறகு மெல்லிய குரலில், "பக்கத்து ஊருக்குமா சார் திருப்பணும்?" என்றார்.

கேட்ட கேள்வியே வாக்குமூலம் ஆகிவிட்டது. அவர் பிரம்பு நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"நீங்க போகல. டைம்டேபிளைத்தான் பாத்தீங்க" என்றார் ஜோதிலிங்கம்.

நல்லசிவம் தலையைக் குனிந்தார். லண்டனில் சனி, ஞாயிறு முழுக்க அவர் லாட்ஜ் அறையிலேயே கிடந்தாராம். ஊரிலிருந்து கொண்டுபோன பருப்புப்பொடியை ரொட்டிக்குள் வைத்துத் தின்றுகொண்டே, கீழே வரவேற்பில் கிடந்த ஏர்லைன்ஸ் புத்தகத்தைப் புரட்டினாராம். வாட்ச், திரும்பி வந்த பிறகு சரோஜினி நகரில் வாங்கியது.

"எதுக்குய்யா ஜெனிவா?" என்றாள் செல்வி. மரியாதை அவளை அறியாமல் குறைந்துவிட்டது.

"கீழ் வீட்டு வெங்கடராமன் போன வருசமே லண்டன் போயிட்டு வந்துட்டாரும்மா."

ஒரு மனிதன் கீழ் வீட்டுக்காரனை ஜெயிப்பதற்காக ஸ்விட்சர்லாந்துவரை மனசாலேயே போய்விட்டு வந்திருக்கிறான்.

"வாட்சை எங்க ஒளிச்சு வச்சிருக்கீங்க? எடுங்க" என்று கையை நீட்டினார் ஜோதிலிங்கம்.

நல்லசிவம் துள்ளி எழுந்தார். "நான் ஒளிக்கல சார்! சத்தியமா! நான் ஒளிச்சிருந்தா உங்களை எதுக்கு வேலை மெனக்கெட்டுக் கூப்பிடுதேன்? வாட்ச் கிடைக்காமலே போவட்டும்னு பேசாம இருந்திருக்க மாட்டனா? வேற யாரு கையிலயாவது சிக்கி, டில்லி வாட்சுன்னு வெளிய தெரிஞ்சுட்டா என் கதி என்ன ஆவும்னு பயந்துதானே உங்களைத் தேடி வந்தேன்!"

ஜோதிலிங்கத்தின் நீட்டிய கை அப்படியே நின்றது. அந்த ஆள் சொல்வது நியாயமாக இருந்தது. வாழ்க்கையில் பல அவமானங்களைப் பார்த்தவர் அவர். ஆனால் ஒரு அசடு பேசியது சரியாகவும் தான் பேசியது தப்பாகவும் போனது அவருக்குத் தாங்கவில்லை.

"சார், கேஸ் முடிஞ்சுதா?" என்று செல்வி முணுமுணுத்தாள்.

அப்போது உள்ளே குக்கர் விசில் அடித்தது.

ஜோதிலிங்கம் மெதுவாகச் சமையலறைப் பக்கம் திரும்பினார். "சார், இந்தக் குக்கர் எப்ப வாங்கினீங்க?"

"குக்கரா? எந்தக் குக்கர்?" என்றார் நல்லசிவம்.

ஒரு வாரமாக அந்தக் குக்கர் சோற்றைத்தான் மூன்று வேளையும் தின்றுகொண்டிருக்கிறார். தின்கிற சாதம் எதில் வேகிறது என்று எட்டிப் பார்த்ததில்லை.

அம்சவேணி சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

"அம்மா, நான் ஒரு முட்டாள்" என்றார் ஜோதிலிங்கம். "இந்த வீட்ல உங்க வீட்டுக்காரர் அதை ஜெனிவா வாட்ச்னு சொன்னார். பாத்திரம் தேய்க்கிற செங்கம்மாகூட ஜெனிவா வாட்ச்னுதான் சொன்னா. ஊரெல்லாம் பெருமை பேச வேண்டிய நீங்க மட்டும் ஒரு தடவைகூட ஜெனிவான்னு சொல்லல. வெறும் வாட்ச்னு சொன்னீங்க. உங்களுக்கு எப்பவோ தெரிஞ்சு போச்சு. இல்லையா?"

அவள் உள்ளே போய் முதலில் அடுப்பை அணைத்தாள். பிறகு வந்து சொன்னாள்.

"ஸ்ட்ராப்பைச் சின்னதாக்கணும்னு மார்க்கெட்டுக்குக் கொண்டு போனேன். கடைக்காரன் பாத்த உடனே சிரிச்சான். பஹன்ஜி, உங்க சாப் போன மாசம் எங்கிட்டதானே வாங்கினாரு, அப்பவே ஸ்ட்ராப் பெருசா இருக்கும்னு சொன்னேனேங்கான். எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போச்சு. எத்தனை பேருகிட்ட கையை நீட்டி நீட்டிக் காட்டியிருப்பேன்! நீயே வச்சுக்கோன்னு அவன்கிட்டயே திருப்பிக் குடுத்துட்டு, அந்தப் பணத்துக்கு இந்தக் குக்கரை வாங்கிட்டு வந்துட்டேன்."

"பாவி! ஊரு பூரா நான் சொல்லி வச்சிருக்கேன், நீ என் மானத்தைக் குக்கர்ல போட்டு வேவ வச்சிட்டியே!" என்று கத்தினார் நல்லசிவம்.

"நீங்க வாட்ச் எங்கன்னு கேட்டிய. காணலன்னு சொன்னேன். அடுத்த நிமிசமே வேலைக்காரின்னுட்டிய. நான் பேசாம இருந்துட்டேன்."

நல்லசிவம் சட்டென்று பதவிக்குத் திரும்பினார். கோப்பை முடித்து வைக்கிற அதிகாரியின் குரல். "சரி, நடந்தது நடந்துபோச்சு. வாட்ச் கட்டிலுக்கு அடியில கிடந்துச்சுன்னு சொல்லிருவோம். செங்கம்மாளுக்கு ஒரு புடவை எடுத்துக் குடுத்துருவோம். யாருக்கும் நஷ்டம் இல்ல."

"அப்பிடிச் சொன்னா, நான் பயந்துக்கினு திருப்பி வச்சிட்டேன்னுதான்யா சொல்லுவாங்க" என்றாள் செங்கம்மாள். காலையிலிருந்து அந்த வீட்டுக் கூடத்தில் அவள் பேசிய முதல் வார்த்தை அது.

அம்சவேணி கணவனை ஒரு முறை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு நேராகப் பால்கனிக்குப் போனாள்.

சாயங்கால நேரம். மின்வெட்டு. நான்கு பக்கத்துப் பால்கனிகளிலும் காற்றுக்காக ஆட்கள் நின்றிருந்தார்கள். கீழே புல்தரையில் கயிற்றுக் கட்டில்கள்.

"எல்லாரும் கேளுங்க! வாட்ச் திருட்டுப் போவல. நான்தான் கடையில குடுத்துட்டுக் குக்கர் வாங்கினேன். இவங்க ஜெனிவாவும் போவல, ஒண்ணும் போவல. அது சரோஜினி நகர் வாட்ச்! செங்கம்மா மேல ஒரு தப்பும் கிடையாது!"

பஞ்சாபிக்காரர்கள் வீட்டுக்காக அதையே ஹிந்தியிலும் ஒரு முறை சொன்னாள். உள்ளே நல்லசிவம் ஜன்னல் திரையை இழுத்து மூடிக்கொண்டார். லண்டனிலிருந்து அவர் உண்மையாகவே வாங்கி வந்த ஒரே பொருள் அந்தத் திரைதான்.

செங்கம்மாள் படியிறங்கிப் போனாள். ஜோதிலிங்கமும் செல்வியும் பின்னாலேயே போனார்கள். கீழே போவதற்குள் பால்கனிகளில் குரல்கள் கிளம்பிவிட்டன.

"செங்கம்மா, நாளைக்கு வந்துடு!"

"எங்களுக்கு அப்பவே தெரியும், நீ எடுத்திருக்க மாட்டேன்னு!"

வெங்கடராமனின் மனைவிதான் எல்லோரையும்விடச் சத்தமாகக் கூப்பிட்டாள்.

செங்கம்மாள் கைபம்பின் அருகே நின்று நிமிர்ந்து பார்த்தாள். "வரேம்மா. வராம இன்னா பண்றது, வயிறு இருக்குதே. ஆனா நேத்து இந்த எடத்துலதான நிக்க வச்சு எம்பொடவைய அவுத்து உதறச் சொன்னீங்க? பாவாடையோட நின்னேன். ஆம்பளைங்கல்லாம் மேலேருந்து பாத்தாங்க. கூப்பிடறதுன்னா இங்க எறங்கி வந்து கூப்பிடுங்க."

இதை அவள் ஜோதிலிங்கத்திடம் சொல்லியிருக்கவில்லை. ஜோதிலிங்கத்துக்கு அந்தப் பால்கனிகளை ஒவ்வொன்றாக எரித்துவிடலாம் போல இருந்தது.

வெங்கடராமனின் மனைவி புடவையைச் சரிசெய்துகொண்டே வெளியே வந்தாள். மற்ற மூன்று வீட்டுக்காரிகளும் ஒருத்தி பின்னால் ஒருத்தியாக இறங்கி வந்தார்கள். பம்படியில் நின்று, தரையைப் பார்த்துக்கொண்டு, "தப்புதான் செங்கம்மா. நாளைக்கு வா" என்றார்கள்.

"காலையில வரேம்மா" என்றாள் செங்கம்மாள், ஒவ்வொருத்தியிடமும்.

கடைசியாக அம்சவேணி வந்தாள். செருப்புக்கூடப் போட்டுக்கொள்ளவில்லை. கண்களைத் துடைத்துக்கொண்டு, "செங்கம்மா, நம்ம வீட்டுக்கும் வந்துரு" என்றாள்.

செங்கம்மாள் அவளைக் கோபமில்லாமல் பார்த்தாள்.

"இல்லம்மா, ஒங்க வூட்டுக்கு வரமாட்டேன். அவங்கல்லாம் நான் திருடின்னு நெனச்சிக்கினு பாத்தாங்க. நீங்க, நான் இல்லைன்னு தெரிஞ்சே பாத்துக்கினு நின்னீங்க."

சொல்லிவிட்டு, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தாள்.